யாருக்குச் சொல்லியாச்சு?

1984-இல் எங்கள் ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தபோது எனக்கு வயது 22. டெல்டாவில் சின்ன ஊர். தானாக இணைப்புக் கொடுக்கும் எக்ஸ்சேஞ்ச் அப்போது எங்களுக்கு வந்திருக்கவில்லை. போர்டின் முன்னால் உயரமான நாற்காலி, தலையில் ஹெட்செட். யாராவது போனைத் தூக்கினால் அவர் எண்ணுக்கு நேராக ஒரு குட்டிக் கதவு 'டக்' என்று விழும். ஒரு கார்டை, அதாவது முனையில் பின் வைத்த ஒயரை, அங்கே செருகி, எந்த எண் வேண்டும் என்று கேட்டு, ஜோடிக் கார்டை அந்த எண்ணில் செருகி மணி அடிக்க வேண்டும். வெளியூருக்கு என்றால் டிரங்க் கால். அதில் ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை. இன்று செல்போனில் பிறந்து வளர்ந்த என் பேத்திக்கு இதைச் சொன்னால், "நீங்க கேட்டுக்கிட்டே இருப்பீங்களா பாட்டி, அவங்க பேசுறதை?" என்றுதான் முதலில் கேட்கிறாள்.

கேட்கக் கூடாது என்பது விதி. ஆனால் சில இரவுகளில் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

சேர்ந்து இரண்டாவது வருடம், தீபாவளிக்கு மறுநாள் இரவு. நைட் டியூட்டியில் நான் மட்டும். ஓர் அரிசி மண்டியின் கதவு விழுந்தது. கார்டைச் செருகியதும் மறுமுனையில் ஓர் ஆண் குரல், "அம்மா, தெரு எரியுதும்மா, தெரு எரியுது" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னது. எண் எதுவும் கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்டு வாங்கிக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு மணி அடித்தேன். அங்கிருந்தவர் கிளம்புவதற்கு முன் கேட்ட முதல் கேள்வி, "ஈ.பி.க்குச் சொல்லிட்டீங்களா?" கரண்டை நிறுத்தாமல் தண்ணீர் அடிக்க முடியாது என்று எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு காதில் தீயணைப்பு நிலையத்தை வைத்துக்கொண்டே இன்னொரு ஜோடிக் கார்டில் ஈ.பி. ஆபீஸைப் பிடித்தேன். அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். போலீஸ்காரர், கடைத்தெரு வழியாகப் போனால் தேர் நிற்கிறது, வண்டி நுழையாது, குளத்தங்கரை வழியாகப் போகச் சொல்லுங்கள் என்றார். வண்டி அதற்குள் கிளம்பிவிட்டது. குளத்தங்கரைத் திருப்பத்தில் ஒரு டாக்டர் வீட்டில் போன் உண்டு. அவரை எழுப்பி, வாசலில் டார்ச்சோடு நிற்கச் சொன்னேன். வண்டி அந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திரும்பியது.

காலையில் சூப்பர்வைசர் வந்தார். கண்டிப்பான மனிதர். இரவு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. அழைப்புகளைக் குறித்துவைத்த டிக்கெட்டுகளைப் புரட்டிக்கொண்டே, "யார் யாருக்குச் சொல்லியாச்சு?" என்றார். வரிசையாகச் சொன்னேன். "பால்காரர் தெருவுக்கு?" என்றார். எரிந்த தெருவுக்குப் பின்னால் இருந்த கூரைத் தெரு அது. காற்று திரும்பியிருந்தால் அடுத்து அதுதான். சொல்லவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நாற்பது வருடம் ஆகிறது. எந்தச் செய்தி கையில் கிடைத்தாலும் என் மனம் உடனே கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

அதன் பிறகு சி-டாட் எக்ஸ்சேஞ்சுகள் வந்தன. நம் நாட்டிலேயே வடிவமைத்து, கிராமம் கிராமமாகப் போய் உட்கார்ந்த பெட்டிகள். போர்டையும் கார்டுகளையும் கழற்றி எடுத்துப் போனார்கள். மக்களே நேராக 101, 100 என்று சுழற்றலாம். நல்ல காரியம். ஆபரேட்டர் வரும்வரை காத்திருந்து வீடு எரிந்தவர்கள் உண்டு. அந்தக் காலம் திரும்ப வர வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் 101-க்கு அழைத்தால் தீயணைப்புக்கு மட்டும்தான் தெரியும். 100-க்கு அழைத்தால் போலீசுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டு காதிலும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு, இவர் சொன்னதை அவரிடம் சொல்ல நடுவில் ஓர் ஆள் இருந்தாளே, அந்த நாற்காலி போயிற்று. அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

எனக்கு அது உறைத்தது சுனாமியின்போது. 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை, எழுதவும் முடியாது. அந்த நாட்களில் பேப்பரில் ஒரு செய்தி வந்தது. பாரதி பிரசாத் என்ற பெண், ஹாம் ரேடியோ இயக்குபவர் (லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, தொழிலாக இல்லாமல் ஆர்வத்துக்காக ரேடியோவில் பேசுபவர்களை ஹாம் என்பார்கள்), அந்த மாதத் தொடக்கத்தில்தான் அந்தமானிலிருந்து ஒலிபரப்ப அனுமதி வாங்கிக்கொண்டு போர்ட் பிளேர் போயிருந்தாராம். உலகத்து ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர், நிலநடுக்கமும் அலையும் வந்து தீவுகளின் தொடர்பு அறுந்ததும், அதே செட்டை வைத்து உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய சேதிகளை நாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதை நான் மூன்று முறை படித்தேன். ஒரு பெண், ஒரு செட், நடுவில் உட்கார்ந்து இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கம் சேர்ப்பது. எனக்குத் தெரிந்த வேலை அது. 42 வயதில், புள்ளியும் கோடுமாகச் சேதி அனுப்பும் மோர்ஸ் படிக்க உட்கார்ந்தேன். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன்.

ஹாம் ஆன பிறகுதான், போலீஸ் செட்டும் தீயணைப்பு செட்டும் ஏன் ஒன்றோடொன்று பேசாது என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே கம்பெனி செட்டாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அலைவரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். எங்களுக்கு 144-லிருந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால், அவர்களுக்கு வேறு இடம், இவர்களுக்கு இன்னொரு இடம். அலைவரிசை ஒன்றாகவே இருந்தாலும் போதாது. பேச்சுக்கு அடியில் காதுக்குப் படாத மெல்லிய தொனி ஒன்று போகும். அந்தத் தொனி பொருந்தாவிட்டால் செட் வாயைத் திறக்காது. ஒன்று பழைய அனலாக், இன்னொன்று டிஜிட்டல் என்றால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு வெறும் இரைச்சல். போலீஸ் பேச்சு வெளியே கசியக்கூடாது என்று பூட்டுப் போட்டிருந்தால் சாவி இல்லாத செட்டுக்கு ஒன்றும் புரியாது.

இதைக் கேட்கும் எல்லோரும் உடனே சொல்வது, "அப்போ எல்லாரையும் ஒரே சேனல்ல போட்டுட வேண்டியதுதானே?" இதற்கு நான் எப்போதும் கெஞ்சிச் சொல்கிற பதில்: வேண்டாம். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால் வெறும் ஊளைச் சத்தம் வரும், அல்லது பக்கத்தில் இருப்பவர் குரல் மட்டும் வந்து தூரத்தில் இருப்பவர் குரல் அமுங்கிப்போகும். அமுங்கிப்போவது பெரும்பாலும் உள்ளே மாட்டிக்கொண்டவரின் குரலாகத்தான் இருக்கும். குழாய் பிடித்திருப்பவருக்குப் போக்குவரத்தைத் திருப்பிவிடும் பேச்சு தேவையில்லை. தனித்தனிச் சேனல் நல்லதற்குத்தான் இருக்கிறது. ஒரு சேனலில் வந்த நூறு சேதியில் எந்த இரண்டு மூன்று மற்றவருக்கும் தெரிந்தாக வேண்டும் என்று பொறுக்கி எடுத்துக் கொடுப்பதுதான் இங்கே வேலை.

2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையைக் கடந்தது. அந்த இரவைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விடிந்தபோது தென்னை நின்ற இடமெல்லாம் வானம். மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. செல்போன் டவர்கள் விழுந்தன, விழாதவை பேட்டரி தீர்ந்து அணைந்தன. என் அண்ணன் மகன் டிராக்டர் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்தான். செட்டையும் ஆன்டெனாவையும் மூங்கிலையும் எடுத்துக்கொண்டு, நிவாரண வேலைகளை ஒருங்கிணைத்துக்கொண்டிருந்த ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஹாம் நண்பர் இருந்தார். அவரும் நானும் பேசிக்கொண்டால் இரண்டு ஊருக்கும் சேதி போகும் என்பதுதான் எங்கள் எண்ணம்.

அங்கே ஒரு நீள மேசை. ஒரு முனையில் காவலர் ஒருவர், முன்னால் மைக். மறுமுனையில் தீயணைப்புத் துறைப் பையன் ஒருவன், கையில் வாக்கி டாக்கி. பையன் என்றுதான் சொல்ல வேண்டும், இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். இருவரும் தூங்கியிருக்கவில்லை. இருவரும் தங்கள் செட்டில் வருவதையெல்லாம் தாளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு தண்ணீர்க் குடமும் ரொட்டிப் பாக்கெட்டுகளும்.

காலை பத்து மணி இருக்கும். பிரசவ வலி வந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் ஒன்று எந்தச் சாலையில் போவது என்று தெரியாமல் நிற்பதாக போலீஸ் மைக்கில் வந்தது. காவலர் தன் தாளைப் பார்த்தார். கிழக்குச் சாலை திறந்திருப்பதாக விடியற்காலையில் ஜீப்பில் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வழியில் போகச் சொன்னார். ஆம்புலன்ஸ் போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தது. கிழக்குச் சாலையில் எட்டு மணிக்கு ஒரு தூங்குமூஞ்சி மரம் சாய்ந்து, கூடவே ஒரு கம்பத்தையும் கம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. மரம் அறுக்கிற ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். எட்டேகாலுக்கே செட்டில் சொல்லியிருக்கிறார்கள். மேசையின் மறுமுனையில் பையனின் தாளில், அழகான கையெழுத்தில், அது எழுதியிருந்தது.

நடுவில் நாலடி தூரம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. காவலர் தன் வேலையைச் சரியாகச் செய்தார். பையன் தன் வேலையைச் சரியாகச் செய்தான். இருவர் காதிலும் அவரவர் செட் இரைந்துகொண்டே இருந்தது. வழியில் ஓர் ஊரில் கிராம செவிலியர் வீட்டுத் திண்ணையில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, இரண்டு பேரும் நலம் என்று மதியம் தெரிந்தது. அதைக் கேட்டதும் அந்தப் பையன் எழுந்து வெளியே போய்விட்டான். சிறிது நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

நான் அங்கிருந்த அதிகாரியிடம், ஒரு நாற்காலி போட்டு நடுவில் உட்காரட்டுமா என்று கேட்டேன். "சரிம்மா, உட்காருங்க" என்றார். ஒரு நீள நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி பிரித்தேன். நேரம். யார் சொன்னது. என்ன சொன்னது. நான்காவதற்கு, என்னை அறியாமலே, 'யாருக்குச் சொல்லியாச்சு' என்று தலைப்புப் போட்டேன். மூன்றாவது பத்தியில் சாலை, பாலம், கம்பி, ஆஸ்பத்திரி, தண்ணீர் மட்டம் என்று எது வந்தாலும் நான்காவது பத்தி காலியாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் முறை. பையன் செட்டில் ஒரு சேதி வந்தால் நான் காவலர் பக்கம் திரும்பிச் சத்தமாகப் படிப்பேன், அவர் மைக்கில் சொல்வார், நான் எழுதுவேன். ஈ.பி.க்கு அங்கே செட் இல்லை. அவர்களுக்கு ஆள் அனுப்பினோம், சைக்கிளில். அதையும் எழுதினேன்.

நான்கு நாட்கள் அந்த நாற்காலியில் இருந்தேன். எக்ஸ்சேஞ்சில் கழற்றிப் போட்ட நாற்காலி திரும்பக் கிடைத்ததுபோல் இருந்தது.

அடுத்த வருடம், அமெரிக்காவில் 9/11 ஆணையம் முன்பே கொடுத்திருந்த அறிக்கையின் ஒன்பதாவது அத்தியாயத்தை என் மருமகன் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். 2001 செப்டம்பர் 11 காலை, நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் இரண்டு கோபுரங்கள் மீது விமானங்கள் மோதியபோது மீட்பு வேலைக்குப் போனவர்களைப் பற்றிய அத்தியாயம் அது. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் படித்தேன்.

எட்டு நாற்பத்தாறுக்கு வடக்குக் கோபுரத்தில் முதல் விமானம், ஒன்பது மூன்றுக்குத் தெற்குக் கோபுரத்தில் இரண்டாவது. நூறு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தில் கைச் செட்டின் குரல் மேலே போய்ச் சேராது என்பது அவர்களுக்கு 1993-இல் அதே இடத்தில் குண்டு வெடித்தபோதே தெரிந்திருந்தது. அதற்காகவே ஒரு ரிப்பீட்டர் வைத்திருந்தார்கள். பலவீனமான குரலை வாங்கிப் பலமாகத் திருப்பி அனுப்பும் கருவி அது. அதை இயக்க இரண்டு பொத்தான்கள். அன்று ஒன்றை அழுத்தியிருந்தார்கள், கீழ்த்தளத்திலிருந்து பேசுவதற்கான முதன்மைக் கைக்கருவியின் இரண்டாவதை அழுத்தவில்லை. வடக்குக் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அதிகாரிகள் சோதித்துப் பார்த்தார்கள். சத்தம் வரவில்லை. ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவு செய்து வேறு சேனலுக்குப் போய்விட்டார்கள். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது.

தெற்குக் கோபுரத்தில் ஓரியோ பாமர் என்ற தீயணைப்பு அதிகாரி அதே ரிப்பீட்டர் சேனலில் பேசிக்கொண்டே மேலே ஏறினார். ரேடியோவை ஆழமாகப் படித்தவர். உயரமான கட்டடங்களில் ரிப்பீட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று தன் துறையினருக்காகப் பயிற்சிக் கட்டுரை எழுதியவர். 78-ஆவது மாடிக்குப் போய்விட்டார். இரண்டு இடத்தில் தீ இருக்கிறது, இரண்டு குழாய் இருந்தால் அணைத்துவிடலாம் என்று கீழே சொன்னார். அந்தக் குரல் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. மூச்சு வாங்குகிறது, ஆனால் ஒரு சொல்கூடச் சிதறவில்லை. சில நிமிடங்களில், 9.59-க்கு, அந்தக் கோபுரம் விழுந்தது.

வடக்குக் கோபுரத்தின் கீழே இருந்த ஜோசப் ஃபைஃபர் என்ற அதிகாரி, இருட்டும் புழுதியும் சூழ்ந்ததும், எல்லோரும் வெளியேறுங்கள் என்று செட்டில் ஆணை கொடுத்தார். பக்கத்துக் கோபுரம் முழுதாக விழுந்துவிட்டது என்பது அவருக்கு அப்போது தெரியாது. அடுத்த கட்டடம். வெளியே தெருவில் நின்ற எல்லோருக்கும் தெரியும், டெலிவிஷன் பார்த்துக்கொண்டிருந்த உலகத்துக்கே தெரியும். அவருக்குத் தெரியாது. என் நாலடி மேசை எனக்கு நினைவு வந்தது.

போலீசுக்கு மேலே ஹெலிகாப்டர் இருந்தது. 10.08-க்கு அதிலிருந்த பைலட், வடக்குக் கோபுரம் இனி அதிக நேரம் நிற்காது என்று தன் ரேடியோவில் சொன்னார். போலீஸ் ரேடியோவில். கோபுரம் விழுந்தது 10.28-க்கு. நடுவில் இருபது நிமிடம். தீயணைப்பு வீரர்களின் செட்டில் அந்தக் குரல் வராது. இரண்டும் வேறு வேறு அமைப்பு. அதைக் கேட்டு, ஓடிப்போய் தீயணைப்பு அதிகாரியின் தோளைத் தொட்டுச் சொல்ல, அந்தக் கட்டளை இடத்தில் போலீஸ் தரப்பு ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்கவில்லை. அன்று 343 தீயணைப்புத் துறையினர் இறந்தார்கள். துறைமுக ஆணையத்தின் போலீசார் 37 பேர், நகரப் போலீசார் 23 பேர்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ரேடியோ சரியாக இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. வெளியேறும் ஆணையைக் கேட்டும் சிலர் நின்றார்கள். கூட வந்தவர்களை விட்டுவிட்டு வர மனமில்லாமல், நடக்க முடியாதவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டு, களைத்து மாடிப்படியில் உட்கார்ந்து. ஆனால் பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்ற ஒரு வரி அவர்களில் பலருக்குக் கிடைக்கவில்லை. அந்த வரி கிடைத்திருந்தால் அந்தப் படிக்கட்டில் எத்தனை பேர் எழுந்திருப்பார்கள்? புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண், "என்ன அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

அதே நாளில் வாஷிங்டன் பக்கத்தில் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனிலும் விமானம் மோதியது. அங்கே ரேடியோ ஒன்றும் சிறப்பாக இல்லை. சேனல்கள் நெரிந்தன, செல்போன் கிடைக்கவில்லை, கடைசியில் சேதி கொண்டுபோக ஆட்களை ஓடவிட்டார்கள். ஆனால் 9.55-க்குக் களப் பொறுப்பாளர், மோதிய பகுதி சரியப்போகிறது, எல்லோரும் விலகுங்கள் என்றார். 9.57-க்குச் சரிந்தது. மீட்புப் பணியாளர் ஒருவருக்குக்கூடக் காயம் இல்லை. தரைமட்டக் களம், உயரமான கட்டடம் இல்லை, அதனால் எளிது என்பது உண்மைதான். ஆனாலும் அங்கே யார் பொறுப்பு என்பதில் குழப்பம் இருக்கவில்லை. அந்த வட்டாரத்துத் துறைகள் ஒன்றாக வேலை செய்து பழகியிருந்தன. 1982 ஜனவரி 13-ஆம் தேதி பனிப்பொழிவில் ஏர் ஃப்ளோரிடா விமானம் பாலத்தில் மோதி பொடோமாக் ஆற்றில் விழுந்து 78 பேர் இறந்தார்கள். அன்று வந்த துறைகள் ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் திண்டாடியதில் தொடங்கிய பழக்கம் அது.

லண்டனையும் சொல்லிவிடுகிறேன். 1987-இல் கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்துத் தீயில் 31 பேர் இறந்தபோது, பூமிக்கடியில் ரேடியோ வேலை செய்ய வேண்டும் என்று விசாரணையில் எழுதி வைத்தார்கள். 2005 ஜூலை 7-ஆம் தேதி சுரங்க ரயில்களில் குண்டு வெடித்தபோது, ரயில்வே போலீசாரின் செட் மட்டும் கீழே பேசியது. தீயணைப்புக்காரர்கள் சேதி சொல்ல ஆள் ஓடினார்கள். பதினெட்டு வருட இடைவெளி.

இப்போது கருவிகள் எவ்வளவோ வந்துவிட்டன. ஐரோப்பாவில் டெட்ரா, அமெரிக்காவில் ப்ராஜெக்ட் 25 என்று பொதுத் தரங்கள். 2012-இல் சட்டம் போட்டு ஃபர்ஸ்ட்நெட் என்று மீட்புத் துறைகளுக்கே தனி நெட்வொர்க். இரண்டு அலைவரிசையை ஒட்டுப்போட்டு இணைக்கும் பெட்டிகள். நம் நாட்டிலும் 2018 முதல் மாநிலம் மாநிலமாக 112 என்ற ஒரே எண். எல்லாம் வேண்டும், எனக்கு ஒன்றிலும் மறுப்பில்லை. ஒட்டுப்போடும் பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் என் பழைய ஜோடிக் கார்டுதான் நினைவுக்கு வருகிறது. கார்டைச் செருகிவிட்டு நான் எழுந்து போயிருந்தால் அந்தத் தீபாவளி இரவில் டாக்டர் வாசலுக்கு வந்திருக்க மாட்டார்.

சொற்களும் ஒரு சிக்கல். ஒவ்வொரு துறைக்கும் ஒரு குறிமொழி உண்டு. நியூயார்க் தீயணைப்பில் '10-45' என்றால் உயிரிழப்பு அல்லது காயம்பட்டவர் சம்பந்தப்பட்டது. இன்னொரு ஊர்ப் போலீசுக்கு அதே எண் வேறு எதையோ குறிக்கும். பல துறைகள் சேரும் இடத்தில் எண் வேண்டாம், சாதாரணப் பேச்சில் சொல்லுங்கள் என்று அமெரிக்க அரசு பின்னால் விதியே கொண்டுவந்தது. கஜா மேசையிலும் எனக்கு இது வந்தது. தீயணைப்புப் பையன் 'கிளியர்' என்றால் மரம் அறுத்தாயிற்று என்று அர்த்தம். காவலருக்கு 'கிளியர்' என்றால் வண்டி போகலாம். மரம் அறுத்த இடத்தில் கம்பி இன்னும் கிடக்கலாம் அல்லவா? இரண்டாம் நாளிலிருந்து அந்தச் சொல்லை நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். 'லாரி போகும்', 'பைக் மட்டும் போகும்', 'நடந்து போகலாம், கம்பி கிடக்கிறது' என்றே எழுதினேன்.

ஐந்து பிள்ளைகள் என்னிடம் ஹாம் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலை ஒரு மணி நேரம் பயிற்சி. இருவருக்கு இரண்டு செட், தனித்தனிச் சேனல். நடுவில் ஒருவர், நோட்டோடு. நான் இரண்டு பக்கமும் கலந்து கலந்து சேதி விடுவேன். நடுவில் இருப்பவர் எதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று தானே முடிவு செய்ய வேண்டும். முதல் வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் சொல்வார்கள், கேட்பவருக்குத் தலை சுற்றும். இரண்டாவது வாரம் பயந்துபோய் ஒன்றுமே சொல்ல மாட்டார்கள். ஐந்தாறு வாரத்தில் பிடிபடும். கஜா மேசையில் இருந்த அந்தத் தீயணைப்புப் பையன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான், கல்யாணம் ஆகிவிட்டது. லீவில் வரும்போது என் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறான். தன் துறையில் எந்தச் சேதி எப்படி வரும் என்று அவன் சொன்னால்தான் அவர்களுக்குப் புரிகிறது. "அம்மா, நீங்க அந்த நோட்டைக் காட்டுங்க" என்று ஒவ்வொரு முறையும் கேட்பான்.

காட்டுவேன். 2018 நவம்பர் 19, நான் அங்கிருந்த கடைசி நாள், கடைசி வரி இது:

மாலை 5.20. தீயணைப்பு. கிழக்குச் சாலை, தூங்குமூஞ்சி மரம் எடுத்தாச்சு, கம்பி இன்னும் கிடக்கிறது, பைக் மட்டும் போகும். போலீஸ் – சொல்லியாச்சு. ஆம்புலன்ஸ் – சொல்லியாச்சு. பள்ளிக்கூடத்தில் தங்கியிருப்பவர்கள் – சொல்லியாச்சு. ஈ.பி. – சைக்கிளில் ஆள் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை.